திசைகாட்டிக்குக் கீழே ஒரு முயல்

என் தம்பி கூல்வென் முப்பத்தொரு வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தவன். ஓய்வு பெற்றதும் ஏழு மீட்டர் பாய்மரப் படகு வாங்கி அதையே வீடாக்கிக்கொண்டான். தனியாகத்தான் போவான். உள்ளே இன்னொரு ஆள் உட்கார இடமும் கிடையாது. அம்மாவின் காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தைச் சுவரில் திருகி வைத்திருந்தான். இடிந்த வீடொன்றின் தபால்பெட்டியில் பல் துலக்கும் பிரஷ். ஆழம் பார்க்கும் கயிற்றின் நுனியில் தபால் தராசின் பித்தளை எடைக்கல். பாய்மரத்தில் அவனுடைய பழைய சைக்கிள் மணி. மூடுபனியில் ஊதுகுழலுக்குப் பதில் அதைத்தான் அடிப்பான். செயற்கைக்கோள் கருவி வைத்துக்கொள்ளச் சொன்னால், திசைகாட்டி போதும் என்று வாயை அடைத்துவிடுவான்.

இத்தனை குப்பைக்கும் இடம் தந்தவன், ஒரு பிராணியின் பெயரை மட்டும் படகில் சொல்லவிட மாட்டான். மரக்கப்பல் காலத்தில் கயிறுகளைக் கடித்துக் கப்பலையே மூழ்கடித்த பிராணியாம். எங்கள் பிரெத்தான் கரையில் எல்லோரும் அதை 'நீளக்காதன்' என்பார்கள். என் தம்பிக்கு அந்தப் பெயர்கூட ஆகாது. அறுபது வயதில் இது என்ன கூத்து என்று எனக்கு எரிச்சலாக வரும்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, ரொட்டி வைக்கும் சாக்கில் படகில் ஏறி, கதவுக்கு முட்டுக்கொடுக்கும் என் வார்ப்பிரும்பு முயலை அவனுடைய கயிற்றுப் பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். எப்போதாவது பெட்டியைத் திறந்து அலறட்டும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

எதிரே இருக்கும் தீவுக்கு அவன் போகும்போது வானம் தெளிவு. அது கண்ணுக்குத் தெரிந்ததால் திசைகாட்டி தேவைப்படவில்லை. அவன் திரும்பப் புறப்பட்ட பிறகுதான், பதினோரு மணிவாக்கில், மூடுபனி இறங்கியது. துறைமுக அலுவலகத்துக்கு ஓடினேன். பொறுப்பாளர் கத்தேல் ரேடியோ பக்கத்தில் இருந்தாள்.

"ஏன் இப்படி நடுங்குற மைவென்? அவன்கிட்ட நல்ல திசைகாட்டி இருக்கு. பக்கத்துல இரும்பு கிரும்பு இல்லாத வரைக்கும் அது பொய் சொல்லாது."

கயிற்றுப் பெட்டி திசைகாட்டிக்கு நேர் கீழே இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செய்ததைச் சொன்னேன்.

"உனக்குப் புத்தி இருக்கா?" என்றாள் கத்தேல். "தெக்கன்னு நெனச்சு அவன் கொஞ்சம் கெழக்கால ஒதுங்கினாலும் போச்சு. அங்க கழுதைப்பல் பாறை இருக்குடி."

அவளே கூப்பிட்டாள். கூல்வெனின் குரல் வந்தது. "நேர் தெக்கதான் வரேன். ஆனா அலை ஒடையற சத்தம் கேக்குது. இங்க கேக்கவே கூடாது."

ரேடியோவைப் பிடுங்கினேன். "டேய், நான்தான். கயித்துப் பெட்டியத் தொற. அடியில இரும்பு இருக்கு. எடுத்துப் பின்னாடி வை."

"என்ன இரும்பு?"

"முயல்டா. இரும்பு முயல். நான்தான் வச்சேன்."

ரேடியோவின் இரைச்சல் மட்டும் கேட்டது. தம்பியை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு அவன் குரல், ரொம்ப நிதானமாக. "எடுத்துட்டேன். முள்ளு இருபது பாகை திரும்பிருச்சு. ஆழம் நாலு மீட்டர்தான் இருக்கு. மேக்கால திரும்புறேன். ரெண்டு கையும் வேணும், கூப்பிடாதீங்க."

மீட்புப் படகுக்குக் கத்தேல் தகவல் சொன்னாள். இந்தப் பனியில் அது வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகுமாம். நான் அலைதாங்கிச் சுவரின் நுனிக்குப் போய் நின்றேன். என் கை எனக்கே சரியாகத் தெரியவில்லை. அம்மா சாகும்போது இவனைப் பார்த்துக்கொள் என்று என்னிடம்தான் சொன்னாள். நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது. அரை மணி நேரம் போயிருக்கும். பின்னால் கத்தேல் வந்து என் தோளில் கோட்டைப் போட்டாள்.

அப்போது பனிக்குள் சைக்கிள் மணி கேட்டது. முப்பத்தொரு வருஷம் எங்கள் தெருவில் கேட்ட அதே மணி. துறைப் படிக்கட்டுக்கு ஓடினேன்.

படகைக் கட்டிவிட்டு மேலே வந்தான். முயலைத் துண்டில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினான். சட்டையெல்லாம் ஈரம்.

"பிடி உன் ஆளை."

"மன்னிச்சிருடா."

"அது கெடக்கட்டும். அந்தப் பேர ரேடியோவுல சொன்னியே, இந்தக் கரையில இருக்கிற அத்தன படகும் கேட்டிருக்கும். இனி எவன் மூஞ்சியில முழிப்பேன்?" என்றான்.

முயல் இப்போது என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் முதலில் என் வீட்டுக்கு வருகிறான். காப்பி குடிக்கிறான். ஜன்னல் பக்கம் மட்டும் திரும்புவதில்லை.

"இருக்கா?" என்பான்.

"இருக்கு" என்பேன்.

அவன் தெருமுனை திரும்பியதும், நான் போய் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.