கண்ணாடி லிப்டும் பதினேழு படங்களும்

அல்லிநகரத்தில் புதிதாகத் திறந்த ஜவுளிக்கடைக்கு இன்று போனேன். உள்ளே விண்கலம் மாதிரி இருக்கிறது. கண்ணாடி லிப்ட், படிக்கட்டுக்கு அடியில் நீல வெளிச்சம். செல்போனில் படமாக எடுத்துத் தள்ளினேன்.

தரை துடைக்கும் அக்கா குறுக்கே வர, இரண்டு முறை தள்ளிப் போகச் சொன்னேன்.

வெளியே மழை. வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றினார்.

"போட்டுக்கிட்டே வாங்கக்கா" என்றார் வாட்ச்மேன்.

"இம்புட்டுப் பளபளன்னு தொடச்சு வச்சிருக்காக. எப்படிண்ணே மிதிக்கிறது?"

துடைத்த அக்கா நிமிர்ந்து சிரித்தார். அதைப் படமெடுக்க எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பதினேழு படங்கள். எதிலும் அந்த அக்கா இல்லை. முக்கால்வாசியில் என் செருப்பின் சேற்றுத் தடம் இருக்கிறது.

தரையைப் பார்க்காமல் கட்டடத்தை மட்டும்தான் பார்ப்பேன் என்று சத்தியம் செய்கிறவர்கள் கை தூக்குங்கள், படங்களை இங்கே போடுகிறேன்.