காப்பி முடிந்த வருஷத்தைத் தேடி

காலை ஏழு மணி. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே வந்து கோலாலம்பூரில் கிள்ளான் ரயிலைப் பிடித்தேன். மூன்றாம் வகுப்பு, இருபது மைலுக்குச் சற்று மேல். இடம் இருந்தும் உட்காரப் பிடிக்கவில்லை. பையில் நான் எழுதிய பள்ளிச் சரித்திரப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி. மதியம் ஒரு மணிக்குக் கிள்ளானை அடுத்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் புறப்படும் கப்பலில் அது சென்னை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பாக்கி ஒரே ஒரு வருஷம்: இந்த மலாய்ச் சீமையில் காப்பிக் காலம் முடிந்து ரப்பர்க் காலம் தொடங்கிய வருஷம். இரண்டு அத்தியாயங்களுக்கும் நடுவே சிவப்பு மையில் கோடு போட்டு, வருஷத்துக்கு இடம் விட்டிருந்தேன். மூன்று மாதமாக அந்த வெற்றிடம் என்னைப் பிடுங்கித் தின்றது. கேட்டவர்கள் ஆளுக்கொரு வருஷம் சொன்னார்கள்.

ஒன்பதரை, கிள்ளான். மாட்டுவண்டிக்காரரிடம் பழைய காப்பித் தோட்டம் வேண்டும் என்றேன். "காப்பிக் காடுதானே, ஏறுங்கய்யா" என்று மூன்று மைல் ஓட்டிவந்து இறக்கிவிட்டார். சுற்றிலும் ரப்பர் மரங்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கேயய்யா காப்பி?"

"இதாங்க. காலையில ஆள் பிரிக்கிறப்ப கங்காணி இன்னைக்கும் 'காப்பிக் காட்டுக்குப் போ'ன்னுதான் அனுப்புறாரு."

ரப்பர்ப் பால் வாளியோடு ஒரு பெண் வந்தாள். பெயர் அஞ்சலை, காப்பி நாளிலிருந்தே அங்கே வேலையாம்.

"காப்பி எந்த வருஷம்மா முடிஞ்சுது?"

"யாரு முடிச்சா? காப்பிக்கு நடுவுலயே ரப்பர்க் கன்னு நட்டோம். பழமும் பறிச்சோம், அதே நெரையில கன்னுக்குக் களையும் வெட்டினோம். மரம் வளந்து நெழல் மூடுச்சு, காப்பி காய்க்கல. ஒவ்வொரு நெரையும் ஒவ்வொரு வருஷம். பள்ளத்துல ரெண்டு செடி இன்னும் நிக்குது, பாருங்க."

பார்த்தேன். மூன்று பழங்கள் சிவந்திருந்தன.

"ஒரே ஒரு வருஷம் வேணும்மா. கப்பல் போயிடும்."

"அப்ப நீங்களே ஒண்ணு போட்டுக்குங்க. எங்களுக்கென்ன?"

சுருக்கென்றது. என் புத்தகம் முழுக்க இப்படித்தான் கோடுகள். நாயக்கர் முடிந்தார்கள், மராட்டியர் தொடங்கினார்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் எத்தனை அஞ்சலைகள் இரண்டு வேலையும் பார்த்திருப்பார்களோ! ஒரே ஒரு கோட்டைத்தான் திருத்த நேரமிருந்தது.

பன்னிரண்டே முக்கால், துறைமுகம். சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு, "சில வருஷங்கள், ஒரே நிரையில் இரண்டும்" என்று எழுதி, காகிதக் கட்டைக் கப்பல் தபாலில் சேர்த்தேன். மற்ற கோடுகள் அப்படியே கப்பலேறின.

கும்பகோணத்தில் வாத்தியாராக இருந்தபோது, ஒரு ராஜ்யம் முடிந்த வருஷத்தைத் தப்பாகச் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தவன் நான். திரும்பும் ரயிலிலும் இடம் காலியாகத்தான் இருந்தது. கோலாலம்பூர் வரும்வரை நின்றுகொண்டே வந்தேன்.