குழாயில் தங்கிய பழைய வாயு

ஒருகொடவத்தையில் பீங்கான் சுடும் தொழிற்சாலையில் நானும் என் கூட்டாளியும் சூளையடியில் வேலை செய்தோம். இயற்கை எரிவாயுவில் ஹைட்ரஜன் கலந்து எரித்துப் பார்க்க ஓர் இன்ஜினியர் வந்தார். கலவை வால்வைத் திருப்புவது கூட்டாளியின் வேலை. ஹைட்ரஜன் நூற்றுக்கு எத்தனை என்று மீட்டரில் பார்த்துச் சொல்வது என்னுடையது.

மீட்டருக்கு மெல்லிய குழாயொன்றில் வாயு வரும். எப்படிப் பார்ப்பதென்று இன்ஜினியர் சிங்களமும் இங்கிலீஷும் கலந்து விளக்கினார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் பாதிதான் பிடிபட்டது. திரும்பக் கேட்கக் கூச்சம். தலையை ஆட்டினேன்.

"உன்ட வாய்க்கும் ஒரு வால்வு பூட்ட வேணும்டா. அப்பத்தான் திறக்கும்," என்றான் கூட்டாளி.

இரண்டு நாள் கலவை பத்திலேயே இருந்தது. மூன்றாம் நாள் காலை இருபதுக்கு ஏற்றச் சொன்னார்கள். அவன் வால்வைத் திருப்பினான். நான் குழாயைத் திறந்து, எண்ணைப் பார்த்து, உடனே மூடினேன். பத்து. அவன் இன்னும் திருப்பினான். மறுபடியும் பத்து. சுவாலை வெளிறிவிட்டது. பர்னரின் சத்தம் சீட்டியடிப்பதுபோல் மாறியிருந்தது. இத்தனை வருடம் நெருப்பருகே நின்றவனுக்கு அது சரியில்லை என்று தெரியும். ஆனால் மீட்டரோ படித்த ஆட்கள் கொண்டுவந்தது, பிழைக்காது என்று நினைத்தேன்.

"பத்துத்தான்," என்றேன்.

அவன் மேலும் திருப்பிவிட்டு, சுவாலையைப் பார்க்கச் சூளையின் துளையருகே குனிந்தான். நெருப்பு பர்னருக்குள் திரும்பி ஓடி வெடித்தது.

விசாரணைக்கு வந்தவர் மீட்டரைச் சோதித்தார். குழாயைத் திறந்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று நிமிடம் நின்றார். பழைய வாயு வெளியேற வேண்டுமாம். அதன் பிறகே எண்ணைப் படித்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அவனுக்குச் சொன்னதெல்லாம் குழாயில் தங்கிய முந்தைய நாள் வாயுவின் எண். மீட்டரில் பழுதில்லை, ஆகவே அவன்தான் அவசரப்பட்டு ஒரேயடியாகத் திறந்துவிட்டான் என்று எழுதினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். குழாயை உடனுக்குடன் மூடியதை மறைத்தேன். அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுக்கு வலது கண் போய்விட்டது. அவன் மனைவி தந்த பிளேன்டீ என் கையிலேயே ஆறியது.

"மச்சான், எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. நான் அவசரப்பட்டுத் திறந்தனெண்டு சொல்லுறாங்கள். நீ பக்கத்தில நிண்டனீதானே. அப்பிடியா?"

இன்ஜினியருக்கு ஆட்டியதுபோலவே தலையை ஆட்டினேன்.

"அப்ப என்ட பிழைதான்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.