ஈசானி மூலைக் கால்

சேலத்துக்கும் சங்ககிரிக்கும் இடையில் கஸ்பார் மேஸ்திரி கூரை போடாத கட்டடம் ஒன்றே ஒன்றுதான், அது சங்ககிரிக் கோட்டை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கோட்டைக்கும் கூப்பிட்டார்களாம், படியேறச் சோம்பல்பட்டு வேண்டாமென்று விட்டாராம். இதில் முக்கால்வாசி என் கைச்சரக்கு. அவர் போட்டதெல்லாம் சில தறிப்பட்டறைகள், சில மாட்டுக்கொட்டகைகள், எங்கள் மாதா கோயிலுக்கு ஒரு பந்தல். என் தங்கை இன்பமேரியின் புருஷன் என்பதால் ஒன்றுக்கு நாலாகச் சொல்வது என் உரிமை. அவள் இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள், ஆகையால் இனி கொஞ்சம் அடக்கி எழுதுகிறேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில், சங்ககிரிக்குப் பக்கத்தில் பெரியசாமி என்பவரின் பட்டறைக்குச் சாய்ப்பு இறக்க கஸ்பார் போனார். மண்ணில் நட்ட மரக்கால்களின் மேல் நின்ற பட்டறை அது. தறிகள் கூடிவிட்டதால் கிழக்கே இன்னொரு பத்தி தேவைப்பட்டது. பழைய கால்களோடு குறுக்கே ஓர் உத்தரத்தைப் பொருத்தி, எதிரே குட்டைக் கால்கள் நட்டு, நடுவே பனங்கைகளைச் சரித்து ஓடு வேய வேண்டும். புதுக்கூரையின் பாதிப் பாரம் பழைய கால்களின் தலையில்தான்.

அந்தப் பக்கத்தில் எதைக் கட்டினாலும் முதலில் வடகிழக்கான ஈசானி மூலையில் முகூர்த்தக்கால் நடுவார்கள். பால் வடியும் மரத்தில் ஒரு பச்சைக் கொம்பை வெட்டி, மஞ்சள் துணி கட்டி, நவதானியம் போட்டு நடுவது. நல்ல நேரம் தப்பக்கூடாதென்று குழியையும் ஆழமாகத் தோண்டமாட்டார்கள். அது கும்பிடுகிற கால், சுமக்கிற கால் இல்லை. பெரியசாமியின் பட்டறையில் மற்றவையெல்லாம் வேப்பங்கால்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் களிமண் பூசிச் சுண்ணாம்பு அடித்திருந்ததால் அண்ணன் தம்பிகள் போல நின்றன. அந்த வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதியைச் சேலத்திலிருந்து வந்த வேதக்காரருக்குச் சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

கஸ்பார் கேட்காதது குற்றமில்லை. போல்ட்டுக்கு ஓட்டை போடும் துரப்பணம் சொன்ன பிறகும் கேட்காததுதான் குற்றம். மற்றக் கால்களில் முக்கி முனகித் திரும்பிய துரப்பணம், அந்த மூலையில் முள்ளங்கிக்குள் போவது போலப் போயிற்று. சிவந்த தூள் வரவேண்டிய இடத்தில் உமி மாதிரி வெளுப்பாக உதிர்ந்தது. பக்கத்தில் ஒரு துணைக்கால் நட்டிருக்க வேண்டும். அதற்கு மரம் தேடி அலைய வேண்டும். மறுநாளோ மாதா திருவிழா, சப்பரத்துக்குத் தோள் கொடுப்பவர்களில் அவரும் ஒருவர். ஓட்டைக்குள் ஓர் ஆப்பைத் திணித்து போல்ட்டை முடுக்கினார், மேலே களிமண்ணைப் பூசினார், பஸ் ஏறிவிட்டார்.

ஐப்பசி மழையில் ஓடு நனைந்து கனத்தது. ஒரு மத்தியானம் அந்தக் கால் சாய்ந்து, உத்தரம் கழன்று, சாய்ப்பின் வடக்குப் பாதி கீழே வந்தது. அடியில் நெய்துகொண்டிருந்த கந்தம்மாளின் வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று.

சேதி கேட்டு ஓடிய கஸ்பார் வசவுக்குத் தயாராகத்தான் போனார். வசவு விழவில்லை, உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். கந்தம்மாள் புருஷனை இழந்தவள். புதுப் பத்தியில் அவளுக்குக் கிடைத்த தறி அந்த மூலைக்காலை ஒட்டியது. தறிக்குழியிலிருந்து எழும்போதெல்லாம் அதைப் பிடித்துத்தான் எழுவாள். பெரியசாமியின் தாய் அதை வைத்துத் தீர்ப்பே எழுதிவிட்டாள்.

“முண்டச்சி கை நெதமும் பட்டா முகூர்த்தக்கால் நிக்குமுங்களா மேஸ்திரி? உங்க வேலைல ஒரு கொறையுமில்லீங்க.”

கை கூடினாலும் அவளுக்கு இங்கே இனித் தறி கிடையாது என்று பெரியசாமி தரையைப் பார்த்தபடி சொன்னார். கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்றிருந்த கந்தம்மாளும் அதை மறுக்கவில்லை.

“நானும் வேற எதையாச்சும் புடிச்சு எந்திரிச்சிருக்கோணுமுங்க” என்றாள்.

கஸ்பார் மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

அந்த மோர் அவருக்குச் செரிக்கவே இல்லை. வேலைக்குப் போன இடத்தில் போட்ட ஓட்டையையே விரலால் தடவிக்கொண்டு நிற்பாராம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தார். என் காதில் சொன்னது போதாது, பழி சுமக்கிறவள் காதில் விழவேண்டும் என்று சாமியார் சொல்லி அனுப்பினார். அதன் பிறகும் மழை என்றார், பஸ் இல்லை என்றார், இடுப்புவலி என்றார். கந்தம்மாள் ஆடு மேய்த்துப் பிழைக்க எருமப்பட்டியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கே போகப்போகிறாள் என்று நூல் வியாபாரி ஒருவர் சொன்ன அன்றுதான் இன்பமேரியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

போய், பட்டறையின் நடுவில் நின்றார். தறிகள் எல்லாம் ஓய்ந்தன. கால் வலுவற்றது என்று துரப்பணம் போட்டபோதே தெரியும், தெரிந்தும் மூடிவைத்தது என் கை, இந்தப் பெண்ணின் கைமேல் ஒரு பாவமும் இல்லை என்று ஊரே கேட்க முழங்கினார். கிழவி தான் சொன்னது தப்பென்று ஒத்துக்கொண்டாள். பெரியசாமி அந்த இடத்திலேயே கந்தம்மாளுக்குத் தறியைத் திருப்பிக் கொடுத்தார்.

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். இன்பமேரி எழுதுகோலைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே கீழே வைக்கிறேன்.

“முழங்கவுமில்ல, ஒண்ணுமில்லக்கா. ‘ஓட்ட போடறப்பவே தெரியும்’னு அவ்வளவுதான் அவரு வாயில வந்துச்சு. அதுக்கப்புறம் பேசுனது கந்தம்மாதான். ‘அப்ப நான் தொட்டதால இல்லீங்களா மேஸ்திரி? நான் தொட்டதால இல்லீங்களா?’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. இவரு இல்லன்னு தலைய மட்டும் ஆட்டுனாரு. கெழவி ஒத்துக்கவே இல்ல. பெரியசாமி தறி குடுத்தாரு, அது நெசந்தான். ஆனா அந்த எடத்துல இல்ல. மறுபடி முகூர்த்தக்கால் நட்டாங்கல்ல, அதுக்கு அவ கையெட்டாத மூலைல குடுத்தாரு.”