சந்தியாகு வீட்டு உப்புச் சுவர்

வீட்டுத் தரகர் போன் பண்ணி, "சின்ன வேலைதாண்ணே" என்றால் நம்பாதீர்கள். குழாய், பூட்டு, பூச்சு, ஒயரிங் என்று எல்லாவற்றையும் ஒரே பையில் தூக்கித் திரிகிற உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

பூச்சு வேண்டாம்

காரங்காட்டில் ஒரு வீடு. மீன்பிடிக்கிற சந்தியாகுவுடையது. வாடைக்காற்றில் அவர் வள்ளம் உடைந்துபோனது. வீட்டை விற்றால்தான் புது வள்ளம். இல்லையென்றால் காலம் பூரா அடுத்தவர் வள்ளத்தில் கூலி. பெண்டாட்டி பிள்ளைகளை மச்சான் வீட்டில் விட்டிருந்தார்.

தரகர் முனியசாமி என்னை விரட்டினார். நாளைக்குப் பார்ட்டி வருகிறது, உப்புப் பூத்த சுவரில் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கணும். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். அட்வான்ஸ் கைமாறும்வரை தாங்கும்.

டப்பாவைத் திறந்தேன். சந்தியாகு சுவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"வேணாண்ணே. நாளைக்கு இதுக்குள்ள அவுகதான படுக்கணும்?"

வள்ளம் விற்கிற மாதிரி

பார்ட்டி, தேவகோட்டை டீச்சர் ஒருவர். சந்தியாகுவே கூட்டிப்போய்க் காட்டினார். உப்புச் சுவர். மழைக்கு உப்பி மூடாத கதவு. கோடையில் கரிக்கிற கிணறு. ஒன்றையும் விடவில்லை.

வள்ளம் விற்பவர்கள் அப்படித்தான். கரையில் கவிழ்த்துப் போட்டு, ஒட்டுப்போட்ட இடத்தில் எல்லாம் தானே கைவைத்துக் காட்டுவார்கள். கடலில் போவது உயிரல்லவா. மனுசன் வீட்டையும் அதே மாதிரி விற்கிறார்! எனக்கு அவரைக் கும்பிடலாம் போலவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

டீச்சர் காரில் ஏறிப் போய்விட்டார். முனியசாமி என் பக்கம் திரும்பினார்.

"சுவத்தை விடுங்கண்ணே. அந்தப் பட்டியை இவரு வாயில பூசியிருக்கக் கூடாதா?"

ஜன்னல்

சந்தியாகு கூலிக்குப் போக ஆரம்பித்துவிட்டார். பிறகு ஒருநாள் டீச்சர் திரும்பி வந்தார். வேறு வீடுகள் பார்த்தாராம். எல்லாவற்றிலும் புதுப் பெயிண்ட் வாசம், தலைவலியே வந்துவிட்டது என்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"குறையெல்லாம் சொன்னீங்க. நல்லது ஒண்ணுகூடச் சொல்லலையே?" என்று கேட்டார்.

சந்தியாகு கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"காத்து வருதா, டீச்சர்? இதை வேற நான் சொல்லணுமாக்கும்?"

வீடு டீச்சருக்கு, புது வள்ளம் சந்தியாகுவுக்கு, கமிஷன் முனியசாமிக்கு. எனக்கு மட்டும் அந்த உப்புச் சுவரைச் செங்கல் தெரியக் கொத்தி நிஜமாகவே பூசுகிற தண்டனை, அதுவும் டீச்சர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க.