ஆபரேஷனுக்கு முன் வைத்த மருதாணி

கர்ப்பப்பையில் இருந்த கட்டிக்காக என் அக்காவுக்குச் சொல்லியிருந்த ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போனது. ஒரு தடவை சர்க்கரை ஏறியிருந்தது, அடுத்த தடவை ரத்தம் குறைவு. மூன்றாவதாகத் தேதி கிடைத்தபோது, "இந்தத் தடவையும் திருப்பி அனுப்புனாங்கன்னா நான் வரவே மாட்டேன். அது அப்படியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். பிடிவாதக்காரி. சொன்னால் செய்வாள்.

அட்மிட் ஆவதற்கு முதல் நாள் மதியம் அரியாங்குப்பத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தாள். தஸ்பீஹ் மணி பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏடி, மருதாணி வச்சு வுடு. வச்சா காயுற வரைக்கும் கைய அசைக்காம வச்சிருக்கணும்ல. நடுக்கமாவது நிக்கும்."

நான் எட்டாவது வரை படித்தவள். படம் வரைய யாரிடமும் கற்றதில்லை. ஆனாலும் பெருநாள் வந்தால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் மருதாணி போடுவேன். பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பித்தேன். இரண்டு உள்ளங்கையிலும் கொடி, கொடி நிறைய இலை, விரல் நுனிகளில் நகத்தை மூடித் தொப்பி. கோனில் மிச்சம் இருந்ததை வீணாக்குவானேன் என்று கால் விரல்களுக்கும் வைத்தேன். காயும் வரை அவள் கை உண்மையாகவே ஆடவில்லை.

நெயில் பாலிஷ் இருந்தால் அழித்துவிட்டு வரும்படி ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாலிஷ் போட்டால் நகத்தில் தண்ணீர் படாது, தொழுகைக்கு முன் செய்யும் ஒளு சேராது. அதனால் எங்கள் வீடுகளில் அது கிடையாது. மருதாணிதான்.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸம்மா அக்காவின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். உடம்பில் ஆக்சிஜன் எவ்வளவு என்று நகம் வழியாகப் பார்க்கும் கருவியாம். எண் சரியாக வரவில்லை.

"என்னம்மா இது, நெயில் பாலிஷ அழிக்கச் சொன்னோம்ல?"

"பாலிஷ் இல்ல சிஸ்டர், மருதாணி" என்றேன்.

"அது அதுக்கும் மேல. அழிக்கவும் முடியாது. சரி, காலக் காட்டுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். போர்வையை விலக்கிய நர்ஸம்மா, சிவந்திருந்த பத்து நகங்களையும் பார்த்துவிட்டு, "குடும்பமா ஒரு முடிவோடதான் வந்திருக்கீங்க. இருங்க, டாக்டரக் கேக்கணும்" என்று போய்விட்டார்.

எச்சில் தொட்டு, துப்பட்டா முனையால் அக்காவின் நகத்தைத் தேய்த்தேன். போகுமா? "அனுப்பிடுவாங்களாடி?" என்றாள். யா அல்லாஹ், நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா, கொடியும் இலையும் போட்டு இவள் உயிரோடு விளையாடிவிட்டேனே என்று மனதுக்குள் அழுதேன்.

டாக்டரம்மா வந்தார். கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "காதுல மாட்டிக்கலாம். கம்மலக் கழட்டியாச்சுல்ல?"

அவ்வளவுதான். அல்ஹம்துலில்லாஹ் என்று சுவரில் சாய்ந்தேன்.

சாயங்காலம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண் விழித்ததும் தண்ணீர் கேட்பாள் என்று பார்த்திருந்தேன். அவள் கையைக் கொஞ்சம் தூக்கி, குழறிக் குழறி, "பீச்சாங்கையில ஒரு எல கம்மி" என்றாள்.

"என்னக்கா சொல்ற?"

"உள்ள படுத்துக்கினு எண்ணுனேன். மேல பெரிய லைட்டு, சுத்தி மொகத்த மூடிக்கினு ஆளுங்க. எதப் பாக்குறது? கலிமா சொல்லிக்கினே கையப் பாத்தேன். சோத்துக்கையில பதினஞ்சு, இதுல பதினாலு. எங்க வுட்டுட்டன்னு தேடிக்கினே தூங்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷமும் நான் போட்டதெல்லாம் அழகுக்கு என்றே நினைத்திருந்தேன். பயந்து கிடக்கிற ஒருத்திக்குக் கண்ணை வைக்க அது ஓர் இடம் கொடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போடாமல் விட்ட இலையைக்கூட, படைத்த ரப்பு வீணாக்கவில்லை.

தையல் பிரிக்கப் போன அன்று ரிசல்ட்டும் வந்திருந்தது. கட்டியில் கெட்டது எதுவும் இல்லை. திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அக்கா சட்டென்று நின்றாள்.

"ரெண்டு கோன் குடுப்பா."

"மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாங்கன்னா?"

"இனிமே அங்க நமக்கு என்னாடி வேல? கை வெறுமையா கெடக்கு பாரு" என்று பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.