பாலிகஞ்ச் பிளாட்பாரத்தில் கேட்ட தமிழ்

முருகனை நம்பும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் கொல்கத்தாவில், டாக்குரியாவில் இருக்கிறேன். கணவருக்கு ரயில்வேயில் வேலை. போன வருடம் துர்கா பூஜைக்கு முந்தின வாரம், கரியாஹாட் கடைத்தெருக் கூட்டத்தில் ஒரு குழந்தையைத் தொலைத்துவிட்டு நின்றேன். நான் பெற்ற குழந்தை அல்ல. என்னை நம்பி அனுப்பப்பட்டவள். அதனாலேயே உயிர் பதறியது.

அவள் பெயர் ரூபா, பத்து வயது. பெற்றோர் வங்காளிகள். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர்கள். அவள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். வேலை தேடி வெளியூர் போன அப்பாவிடமிருந்து தகவலே இல்லை. வங்காளத்துக்குக் கிளம்பிய சிலரோடு அக்கம்பக்கத்தார் அவளை ரயிலேற்றிவிட்டார்கள். ஹவுரா நெரிசலில் அவர்களையும் தவறவிட்டாள். அப்படித்தான் எங்கள் தெருவில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தாள்.

வங்காளம் கேட்டால் புரியும். ஆனால் அம்மா போனபின் அந்த மொழியில் அவள் வாய் திறக்கவில்லை. தமிழ்தான். காப்பகத்தை நடத்தும் சுமிதா தீதி, அதாவது சுமிதா அக்கா, என்னைக் கூப்பிட்டு, “நீங்களாவது பேசிப் பாருங்கள்” என்றார். தினமும் போனேன். ரூபா ஓரிடத்தில் உட்கார மாட்டாள். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

“ஏம்மா இப்படி அலையுறே?”

“அப்பா வந்தா வீடு பூட்டிக் கெடக்குமில்லீங்க ஆன்ட்டி? நான் போகோணும்.”

நானும் அவள் கூடவே நடப்பேன். இரவெல்லாம் எனக்கும் தூக்கம் பிடிக்காது.

பூஜைக்குப் புது கவுன் வாங்கித் தரலாம் என்று, தீதியிடம் அனுமதி கேட்டு அவளைக் கரியாஹாட் அழைத்துப் போனேன். நடைபாதைக் கடையில் ஒரு கவுனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். திரும்பினால் அவள் இல்லை.

கடை கடையாக ஓடினேன். பேர் சொல்லிக் கத்தினேன். தீதிக்குப் போன் செய்தேன், போலீஸ்காரரிடம் அழுதேன். யாராவது கையைப் பிடித்து இழுத்துப் போயிருந்தால்? பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, சாலையோரத்தில் நின்று கண்ணை மூடினேன். “முருகா, எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவள் பேசினால் புரிந்துகொள்ளும் ஒரு ஆளை அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்து.” அவ்வளவுதான் கேட்கத் தோன்றியது. மறுபடி ஓடினேன்.

தீதியிடமிருந்து போன் வந்தது. “பாவா கேச்சே! கிடைத்துவிட்டாள்! பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் போங்கள்!”

பிளாட்பாரத்தில் கடலைக் கூடையோடு ஒரு வங்காளி அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ரூபா. நான் மூச்சிரைக்க வங்காளத்தில் நன்றி சொல்லத் தொடங்கினேன். அவளோ தமிழில் சொன்னாள்:

“பயப்படாதீங்க அக்கா. புள்ள திருப்பூர் ரயிலு எதுன்னு எல்லார்கிட்டயும் கேட்டுச்சு. ஒருத்தருக்கும் புரியல. நான்தான் ‘எங்க போகோணும் கண்ணு’ன்னு கேட்டேன். ஒரே அழுகை. சட்டையில குத்தியிருந்த காப்பகச் சீட்டைப் பாத்துப் போன் பண்ணுனேன்.”

அவள் பெயர் மாலதி. திருப்பூரில் பல வருடம் பனியன் மடித்தவளாம். வழக்கமாக டாக்குரியா ஸ்டேஷனில் விற்பவள். அன்று அங்கே விற்பனை மந்தம் என்று பாலிகஞ்ச் வந்திருக்கிறாள். தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். நான் என்ன கேட்டேன் என்பது எனக்குத் தெரியும். அங்கேயே கைகூப்பி அழுதேன்.

அதன்பின் ஞாயிறுதோறும் மாலதி காப்பகத்துக்கு வருகிறாள். தமிழில் தொடங்கும் பேச்சு எப்போது வங்காளமாகிறது என்று அவர்கள் இருவருக்குமே தெரியாது. ரூபா பள்ளிக்கூடம் போகிறாள், தோழிகளோடு சண்டையும் போடுகிறாள். திருப்பூர் வீட்டின் சொந்தக்காரரிடம் காப்பகத்தின் விலாசத்தைக் கொடுத்திருக்கிறோம், அப்பா வந்தால் சொல்லுவார். அப்பா இன்னும் வரவில்லை. அதற்காகவும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். மனம் இன்னும் பதறத்தான் செய்கிறது. ஆனால் தனியாகப் பதறுவதில்லை.

உங்கள் ஊரிலும் இப்படித் தனியாக வந்து சேர்ந்த பிள்ளை இருக்கும். அதனிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள். உங்களால் முடியாததை முருகனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு நிற்காதீர்கள், தேடி ஓடுங்கள். நாம் ஓடிப் போய்ச் சேருவதற்குள் அவன் அங்கே ஒருவரை உட்கார வைத்திருப்பான்.